படகின் நீலக் கூரை

செப்டம்பர் 9, திங்கள்

மருந்துக் குளிர்பெட்டி காலை எட்டு மணிக்கு 4 டிகிரி. சரி.

இரண்டரை மாதம் கழித்து இன்று படகைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தார்கள். என்ஜின் பழுது முடிந்து வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் போனேன். கூரைத் துணியின் கட்டை அவிழ்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நீலத் துணி முழுக்கக் கருப்புப் புள்ளிகள். மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளிகள் சேர்ந்து பட்டையாகவே ஓடுகின்றன. நனைந்த கோணிச்சாக்கு நாற்றம். பக்கத்துத் திரைகளில் தைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல்கள் கண்புரை விழுந்த கண் மாதிரி மங்கிக் கிடக்கின்றன.

உப்பு ஏரிக்குள் இருக்கும் நான்கு திட்டுகளுக்கும் ஆஸ்பத்திரி என்றால் இந்தப் ‘பரிவு’ படகுதான். இரண்டு பெஞ்சு, ஒரு மருந்துப் பெட்டி, நான், படகோட்டி கஜேந்திரன். மேலே இந்தத் துணி. அக்டோபர் மூன்றாம் தேதி மறுபடியும் ஓட்டம் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு மழைக்காலம். ஒழுகும் கூரைக்குக் கீழே எந்த நோயாளியை உட்கார வைப்பது? இழுப்பு இருக்கிறவர்களை இந்தப் பூஞ்சைக்குப் பக்கத்திலேயே கொண்டுவர முடியாது.

கரையில் இருக்கும் மருத்துவ நிலையத்தின் பொறுப்பாளர் என்ற முறையில், எங்கள் டிரஸ்ட்டின் சென்னை அலுவலகத்துக்கு உடனே அறிக்கை அனுப்பினேன். “ஜூன் 27 அன்று படகோட்டி கஜேந்திரன் கூரைத் துணியை ஈரத்தோடு மடித்து மூடியதால் பூஞ்சை பிடித்துள்ளது.” உள்ளதைத்தான் எழுதினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் நானே போய் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தேன். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டும் தேங்காய்நார் பிரஷும். கருப்பு போனது. ஒரு முழம் தேய்த்திருப்பேன், பின்னாலிருந்து கஜேந்திரனின் குரல்.

“நர்சம்மா, கைய எடுங்க.”

“அழுக்கு போகாண்டாமா?”

“அழுக்கு போவும். கூடவே துணியும் போவும்.”

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்தான். குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து அந்த மூலையில் ஊற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, தேய்க்காத நல்ல இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தான். துளிகள் கொஞ்ச நேரம் நின்றன. நான் தேய்த்த இடத்தில் தெளித்தான். உடனே உறிஞ்சிக்கொண்டது.

“தெரியுதா? இந்தத் துணி மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு கீது. தண்ணிய உள்ள வுடாது. அத்த நீங்க சொரண்டி எடுத்துட்டீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“ஷார்ஜால ஆறு வருசம் இதான் வேல. பணக்காரனுங்க போட்டுக்குத் துணி தொவைக்கிறது.”

நான்கு வருடமாக என்னோடு ஒரே படகில் வருகிறவன். ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே என்றேன்.

“நீங்க கேக்கல.”

செப்டம்பர் 12, வியாழன்

வலை காயவைக்கும் சிமெண்டுத் தளத்தைக் கஜேந்திரன் மூன்று முறை பெருக்கி, மேலே சுத்தமான தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கூரைத் துணியைப் பரப்பியிருக்கிறான். தண்ணீர் பக்கத்திலேயே இல்லை. குழந்தைக்குத் தலை வாருவது மாதிரி மெத்தென்ற பிரஷ்ஷால் மெல்லத் தள்ளிக்கொண்டு போகிறான். நூல் ஓடுகிற திசையில் மட்டும். குறுக்கே ஒரு இழுப்புகூட இல்லை.

“எதுக்கு இத? நேரா நனைச்சிட வேண்டியதுதானே?”

“மணலும் உப்பும் உள்ள கீது. நனைச்சா சேறாப் போயி நூலுக்குள்ள பூந்துக்கும். அப்பறம் தேய்க்கத் தேய்க்க அதுவே அறுக்கும்.”

சீழ் பிடித்த புண்ணைக் கழுவுவதற்கு முன்னால் சுற்றியிருக்கும் அழுக்கை எடுக்கச் சொல்லி எத்தனை பயிற்சி நர்ஸுகளிடம் கத்தியிருப்பேன். இவனுக்கு யாரும் கத்தவே வேண்டியிருக்காது போலிருக்கிறது. ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாமென்று போனேன். புறநோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று ஆள் வந்து கூப்பிட்டபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

என் கால் வீக்கம் இன்று குறைவு.

செப்டம்பர் 14, சனி

சென்னையிலிருந்து பதில் வந்தது. படகோட்டி ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். அக்டோபர் முதல் தேதியிலிருந்து வேறு ஆளை ஏற்பாடு செய்யப்போகிறார்களாம்.

இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. துணியின் நிலைமையைத் தெரிவித்தேன். அவ்வளவுதான்.

கடிதத்தைக் கஜேந்திரனிடம் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சோப்புத் தண்ணி எள வெதுவெதுப்பா இருக்கணும், சூடு ஆவக்கூடாது. உங்க ஸ்டவ்வுல வச்சிக்கட்டுமா?” என்று கேட்டான்.

வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

துவைத்த நாள். இன்று நான் பார்த்ததை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

ஏரித் தண்ணீர் உதவாது. உப்பு காய்ந்து கல்லாகி நூலை அறுக்கும். அதனால் அடிபம்பிலிருந்து நல்ல தண்ணீர். பத்து டிரம். கஜேந்திரனும் நானும் அடிக்கத் தொடங்கினோம். மூன்றாவது டிரம்மிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. மாத்திரை வாங்க வந்த பெண்கள் பார்த்துவிட்டு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். முள்ளித்திட்டு அஞ்சலையும் அதில் நின்றாள். இருபத்து நான்கு வயது, ஏழாம் மாதம், முந்தைய இரண்டும் தங்கவில்லை. அவளை அதட்டி உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். 140/90. பிடிக்கவில்லை. பாதத்திலும் வீக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, வாரம் ஒருமுறை எனக்கும் காட்ட வேண்டும் என்றேன்.

“மழ வந்தா எப்படிம்மா வரது? எங்கூட்டுக்காரர் படகுல கூரை கெடையாதே.”

“நான் வருவேன்,” என்றேன். சொல்லிவிட்டுத் தளத்தைப் பார்த்தேன்.

அங்கே கஜேந்திரன் பொடி சோப்பைத் தொடவில்லை. கைகழுவும் சோப்பைச் சீவிக் கரைத்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பகுதி பிரித்து நனைத்து, ஊறவிட்டு, மெதுவாகத் தேய்த்து, அது காய்வதற்குள் அலசினான். பூஞ்சை இருந்த இடத்துக்கு மட்டும், பக்கெட் தண்ணீரில் அரை டம்ளர் பிளீச்சிங் திரவம். அதையும் நான் சந்தேகமாகப் பார்த்ததைக் கவனித்துவிட்டான்.

“இது நூலுக்கே சாயம் ஏத்தின துணி நர்சம்மா. அதான் தாங்கும். பருத்தித் துணின்னா நானே தொட மாட்டேன். உங்க வாட்ச்ச பாத்துகினே இருங்க. பத்து நிமிசம். பதினொண்ணு ஆவக்கூடாது.”

பத்தாவது நிமிடம் நான் “ஆச்சு” என்றதும் ஐந்து குடம் ஒரே நேரத்தில் விழுந்தது. அலசல் மட்டும் மூன்று சுற்று. கடைசித் தண்ணீரைக் கையில் ஏந்தி, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தான். சோப்பு இல்லை என்று தலையாட்டினான்.

பிளாஸ்டிக் ஜன்னல்களைக் கடைசியாக எடுத்துக்கொண்டான். பிரஷ் கிடையாது, பழைய பனியன் துணி. கீறல் விழாமல் மேலிருந்து கீழாக ஒரே போக்கு. நான் கண்புரை என்று எழுதியிருந்தேன். இப்போது அதன் வழியாக ஏரியில் நாரைகள் நிற்பது தெரிகிறது.

ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யும்போது அவனைச் சுற்றி இருக்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெரிய சர்ஜன்களின் பக்கத்தில் நின்றபோது அதைப் பார்த்திருக்கிறேன். இன்று அடிபம்புக்குப் பக்கத்தில் பார்த்தேன்.

செப்டம்பர் 18, புதன்

துணி கொடியில் முக்கால்வாசி காய்ந்திருந்தது. பதினொன்றரைக்குக் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. கஜேந்திரன் ஓடிவந்தான்.

“நர்சம்மா, உங்க ஹால் வேணும்.”

“ஹாலில் இருபது பேர் உட்காந்திருக்காங்க.”

“தெரியும். வேணும்.”

நான் பெஞ்சுகளைத் தள்ளினேன். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டான். மின்விசிறிகள் எல்லாம் முழு வேகம். நோயாளிகள் நீலப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்று ஒரு அம்மாள் சொன்னாள்.

“ஈரம் கொஞ்சம்தானே இருக்கு,” என்று கேட்டுவிட்டேன். “மடிச்சு ஓரமா வச்சா என்ன?”

கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு முடிச்சைப் பார்த்தான்.

நான் மருந்து கொடுக்கப் போய்விட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

விளக்கக் கடிதத்துக்கு நாளை கடைசி நாள். மாலை நான்கு மணிக்குக் கஜேந்திரன் வெள்ளைத்தாளோடு வந்தான்.

“எனக்கு ஆபீசு பாஷைல எழுத வராது. நீங்களே எழுதிக் குடுங்க.”

“நானா?”

“வேற யாரு கீறாங்க இங்க?”

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஜூன் இருபத்தேழாம் தேதி மழையில் நனைந்த கூரைத் துணியைக் காயவிடாமல் மடித்துக் கட்டியது நான்தான். அது தவறு என்று எனக்குத் தெரியும். இப்போது துவைத்துச் சரிசெய்து வருகிறேன்.

நிறுத்தினான். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். சுவரில் இருக்கும் தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றான்.

“அவ்ளோதான். எங்க கையெழுத்து?”

காட்டினேன். போட்டான்.

அவன் சொன்னதை எழுதினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

மருந்துக் குளிர்பெட்டி 5 டிகிரி. தலைவலி. கடிதம் அனுப்பியாகிவிட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலை ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து இந்த டைரியின் பழைய பக்கங்களைத் திருப்பினேன். பிரித்துப் பார்க்காமலே அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரமாகத் தெரியும். இருந்தாலும் அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

“ஜூன் 27, வியாழன். முள்ளித்திட்டில் 31 பேர். திரும்பும்போது மழை, கூரை நனைந்துவிட்டது. காயட்டும், நான் இருந்து மூடிவிட்டுப் போகிறேன் என்றான் கஜேந்திரன். கொட்டகைச் சாவி என் பொறுப்பு, கொடுத்துவிட்டுப் போக முடியாது. நாலரை பஸ்ஸை விட்டால் நாகர்கோவில் ரயிலை விட வேண்டியதுதான். மடித்துக் கட்டச் சொல்லிப் பூட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.”

“ஜூலை 8, திங்கள். ஊரிலிருந்து வந்தாயிற்று. அண்ணன் மகன் நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. கஜேந்திரன் கொட்டகைச் சாவி கேட்டான். என்ஜின் வந்த பிறகு பார்க்கலாம் என்றேன்.”

“ஜூலை 19, வெள்ளி. கஜேந்திரன் மறுபடியும் சாவி கேட்டான். இவனுக்கு வேறு வேலை இல்லை.”

என் கையெழுத்து. நல்ல நீல மசி. தெளிவாக இருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

கஜேந்திரன் படகில் உட்கார்ந்து திரையின் ஜிப்புகளுக்கு மெழுகுவத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

“மடிக்கச் சொன்னது நான்தான். சாவி தராததும் நான்தான். கடிதத்துல ஏன் சொல்லல நீங்க?”

ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது.

“சொன்னா இன்னா? நர்சம்மா சொல்றது பொய்யின்னு நான் எழுதணும். அதுவும் நர்சம்மா கையாலயே எழுதணும்.” சிரிக்கவில்லை. “நீங்க சொன்னீங்க, செரி. மடிச்சது யாரு கை? ஆறு வருசம் இதே வேல பாத்த கை. ஈரத்தோட மடிச்சா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன். நீங்க ஒரு பார்வ பாத்தீங்க. மூடிக்கினேன்.”

எந்தப் பார்வை என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. முப்பது வருடமாக வார்டுகளில் நான் மற்றவர்களைப் பார்த்துப் பழகிய பார்வைதான்.

“உங்க மேல கோவம் இல்லன்னு நெனச்சிக்காதீங்க,” என்றார். “கீது. நெறைய கீது. ஆனா அத்த வச்சிகினு துணி தொவைக்க முடியாது. கை அழுத்தமா வுழுந்துடும்.”

மதியம் அலுவலகத்துக்கு எழுதினேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி அறிக்கை தவறு என்றும், ஏன் தவறு என்றும். இந்த டைரியின் மூன்று பக்கங்களைப் படம் எடுத்து இணைத்தேன். ‘ஜன்னல் சீட்’ வரியை மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மறைக்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

மேலாளர் போனில் கூப்பிட்டார்.

“சிஸ்டர், இதைப் பெரிசாக்காதீங்க. டிரைவரை மாத்துறது சுலபம். புது ஆளுக்குச் சொல்லியாச்சு.”

“மாத்தணும்னா பொறுப்பாளரை மாத்துங்க, சார். தப்பு அங்கதான் இருக்கு.”

டிரஸ்டி டாக்டர் கஸ்தூரியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வைப்பதற்குள், தண்ணீர் ஒட்டாமல் இருக்கத் தெளிக்கும் மருந்து நான்கு டப்பா வேண்டும் என்று கேட்டுவிட்டேன். மருந்தின் பெயரைக் கஜேந்திரன் எழுதிக் கொடுத்திருந்தார்.

செப்டம்பர் 27, வெள்ளி

டப்பாக்கள் நேற்று வந்தன. ஆனால் தெளிப்பதற்கு முன்னால் தையல். வெயில் பட்டுப் பட்டு மேல்பக்கத்துத் தையல்நூல் நைந்திருக்கிறது. நகத்தால் நெருடினால் பொடியாகிறது. துணி பிழைத்தது, நூல் செத்தது என்றார் கஜேந்திரன். பதினோரு அடி நீளத்துக்குக் கையாலேயே தைத்தார். பழைய ஊசி ஓட்டைகளிலேயே புது ஊசியை இறக்கினார். புது ஓட்டை போட்டால் ஒவ்வொன்றும் ஒழுகுமாம். நான் ஆசிட் ஊற்றிய மூலைக்கு உள்பக்கமாக ஒரு ஒட்டுத் துணியும் வைத்தார்.

எட்டாவது அடியில் ஊசி கட்டைவிரலுக்குள் இறங்கியது. டெட்டனஸ் ஊசி போட வேண்டும் என்றேன்.

“அதெல்லாம் வேணாம்.”

“கடைசியா எப்போ போட்டீங்க?”

“ஷார்ஜா போறப்போ.”

“கையைக் காட்டுங்க.”

ஏரியில் ஆளையே புரட்டுகிற காற்றில் படகு ஓட்டுகிறவர், ஊசியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் என் வேலைக்குப் பயப்படுகிறார் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

மாலை வெயில் தணிந்த பிறகு மருந்து தெளித்தார். ஒரு முறை தெளித்துக் காயவிட்டு, மறுபடியும் ஒரு முறை. காற்று எந்தப் பக்கமென்று பார்த்து நின்றுகொண்டு.

செப்டம்பர் 30, திங்கள்

டாக்டர் கஸ்தூரி வந்தார். கூரையைப் படகின் கம்பிகள்மேல் ஏற்றி எல்லாப் பொத்தான்களையும் மாட்டி வைத்திருந்தோம். முரசுத் தோல் மாதிரி விறைப்பாக நின்றது. தொய்வு இருந்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் துணி இறங்கும் என்று கஜேந்திரன் ஒவ்வொரு வாரையும் இரண்டு தடவை இழுத்துக் கட்டியிருந்தார்.

டாக்டர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, “ஊத்துங்க” என்றார். ஆறு பக்கெட் ஊற்றினோம். சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டை உருண்டையாக ஓடி ஏரிக்குள் குதித்தது. டாக்டர் வெளியே வந்தபோது அவருடைய வெள்ளைப் புடவையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“புதுசு வாங்கினாக்கூட இப்படி இருக்காது,” என்றார்.

“புதுசுன்னா இத்த விட நல்லாத்தான் இருக்கும் மேடம்,” என்றார் கஜேந்திரன். “இது இன்னும் ரெண்டு வருசம் தாங்கும். அதுக்கு மேல நான் பொய் சொல்ல மாட்டேன்.”

கஜேந்திரனின் வேலை நிலைத்தது. நவம்பர் முதல் தேதியிலிருந்து நிலையப் பொறுப்பு மருந்தாளுநருக்குப் போகிறது. நான் நர்ஸாக மட்டும் தொடர்வேன். டாக்டர் இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நியாயம்தான். வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்.

அக்டோபர் 3, வியாழன்

நான்கு திட்டுகளிலும் 94 பேர். வெயில். துணிக்குக் கீழே நல்ல நிழல்.

அக்டோபர் 15, செவ்வாய்

இப்போதுதான் எழுத உட்கார முடிந்தது.

மூன்று நாளாக மழை. காலை பத்தே முக்காலுக்கு அஞ்சலையின் புருஷன் போன் செய்தான். தலை பிளக்கிறதாம், கண் மங்குகிறதாம், வாந்தி. எட்டாம் மாதம். எனக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு ஓடினேன்.

கஜேந்திரன் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். ஏரியும் வானமும் ஒரே நிறம்.

“எடுங்க தம்பி.”

“முடியாது நர்சம்மா.”

“அவளுக்கு ஃபிட்ஸ் வந்துடும். எடுங்கன்னு சொல்லுதேன்!”

“முடியாது. இந்தக் காத்துல நடு ஏரிக்குப் போனா படகு திரும்பிடும். அந்தப் பொண்ணையும் சேத்து மூணு பேரும் போயிடுவோம். காத்து ஒரு மூச்சு வுடும். வுடட்டும்.”

நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பழைய பார்வையைத்தான் பார்த்திருப்பேன், வேறு எதுவும் எனக்குக் கைவசம் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்து, போட வேண்டிய ஊசியின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆம்புலன்ஸைக் கரைக்கு வரச் சொன்னேன். அந்த நேரத்தில் கஜேந்திரன் பக்கத் திரைகளை இறக்கி, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். நாற்பத்தாறு பொத்தான்கள். நான் எண்ணினேன், வேறு என்ன செய்வது? முப்பத்தைந்து நிமிடம். பிறகு மழை அப்படியே இருக்க, காற்று மட்டும் தணிந்தது. “இப்போ,” என்றார்.

முள்ளித்திட்டில் அஞ்சலையைக் கட்டிலோடு தூக்கி வந்து ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் 180/110. என்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றாள், ஆனால் வேறு திசையில் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

திரும்பும் வழியில் மழை கல் மாதிரி விழுந்தது. கூரைமேல் அந்த இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. பஞ்சு காய்ந்திருந்தது. ஊசி மருந்துக் குப்பியின் எழுத்தைப் படிக்க முடிந்தது. இரண்டு பக்க இடுப்பிலும் ஊசி போட்டேன். கையெழுத்துப் புரியும்படி நேரத்தைக் குறித்தேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மழைக்கால ஏரியின் நடுவில் ஒரு வார்டு.

முன்பக்கத் திரையின் ஜன்னல் வழியாகக் கஜேந்திரனின் முதுகு தெரிந்தது. சுக்கானில் நிற்கிறவருக்குக் கூரை கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு முறைகூட முகத்தைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. ஏற்றிவிட்டோம்.

அக்டோபர் 16, புதன்

காலை ஒன்பது மணிக்குப் போன். ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், நன்றாக அழுகிறதாம். அஞ்சலைக்குப் பார்வை தெளிந்துவிட்டது. வலிப்பு வரவில்லை.

படித்துறையில் போய்ச் சொன்னேன். மழை விட்டிருந்தது. கஜேந்திரன் கூரையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். ஏரியின் உப்பு தெறித்திருக்கிறதாம். கேட்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

“நேத்து உங்கள நிறுத்தி வச்சப்போ எனக்கு உள்ள ஒதறிச்சி நர்சம்மா. லேட்டாயி அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா?”

“அப்போ ஏன் நிறுத்தினீங்க?”

“தெரிஞ்சிதே,” என்றார்.

துணியின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 19, சனி

பொறுப்பாளராக நான் அனுப்பும் கடைசி அறிக்கையை இன்று எழுதினேன். கூரைத் துணி பற்றியும் ஒரு பக்கம். அனுப்புவதற்கு முன்னால் கஜேந்திரனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். இந்த முறை அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எதுவும் எழுதுவதாக இல்லை.

கைகட்டி நின்று முழுவதும் கேட்டார்.

“ரெண்டு தப்பு கீது,” என்றார்.

“சொல்லுங்க.”

“பிளீச்சிங் பதினஞ்சு நிமிசம்னு போட்டுக்கிறீங்க. பத்து.”

திருத்தினேன். “இன்னொன்னு?”

“கடைசில ஒரு வரி வருதே. அத்த இன்னொரு தபா படிங்க.”

படித்தேன். ‘என் முப்பது வருடப் பணியில், தன் வேலையை இவ்வளவு முழுமையாக அறிந்த, இவ்வளவு நேர்மையான இன்னொருவரை நான் பார்த்ததில்லை.’

அவருக்குக் காது சிவந்துவிட்டது. சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அத்த அடிச்சிடுங்க நர்சம்மா. அந்த எடத்துல, எப்படி காய வைக்கணும்னு எழுதுங்க. நான் இல்லாத நாள்ல வேற யாராவது தொவைக்கணும் இல்ல?”

அறிக்கையில் அந்த வரியை அடித்துவிட்டு, காயவைக்கும் முறையை எழுதினேன். வரி இங்கே இருக்கட்டும்.